‘ஒத்துக்கறேன்’ என்று சொல்வதற்கு முன்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக் கோர்ட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். காலையில் நம்பர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும் என்றால், அன்றைக்குக் கடலுக்கும் போக முடியாது, ஏரிக்கும் போக முடியாது. ஒரு வாய்தா போனால் ஒரு நாள் பிழைப்பு போச்சு. ஒரே வழக்கில் ஒன்பது பேர் என்றால் ஒன்பது வீட்டுக்கும் அன்று வரும்படி இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் எப்படியும் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், ‘அந்தத் தேதியா பார்த்து வாய்தா வாங்கிக் குடும்மா’ என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு.

பொன்னேரியில் குற்றவியல் வழக்குகள் நடத்திவரும் ஒரு பெண் வழக்கறிஞர். குப்பத்துக்காரர்களுக்கு அவர் ‘வக்கீலம்மா’. என்ன செக்‌ஷன், எத்தனை வருஷம் என்பதையெல்லாம் அவரிடம் பிறகுதான் கேட்பார்கள். முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டா இன்னியோட முடிஞ்சிடும் இல்லம்மா?”

முடிந்துவிடும். அதோடு சேர்ந்து வேறு என்னென்ன முடிகிறது என்று கேட்கிறவர்கள் மிகவும் குறைவு. கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும் என்பதில் வக்கீலம்மா பிடிவாதமாக இருக்கிறார். தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஒப்புக்கொண்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும் என்று தெரியாமல் சொன்ன ஒப்புதலை வைத்து மேல்கோர்ட்டின் கதவை அடைப்பது நியாயமில்லை. இதுதான் அவருடைய கட்சி.

இந்தப் பக்கத்து வழக்குகள் எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்ற முறை நெடுங்காலமாக இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதைத் தலைக்கட்டுக் கணக்கில் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை தப்பினாலோ, முறையில் இல்லாதவர் வலை கட்டினாலோ வாய்த்தகராறு வரும், அது கைகலப்பாகும். இந்தத் தரப்பு ஒரு புகார் கொடுக்கும், அந்தத் தரப்பு ஒரு கவுண்டர் புகார் கொடுக்கும். ஸ்டேஷனில் இரண்டு எஃப்.ஐ.ஆர். விழும்.

இன்னொரு வகை, போராட்ட வழக்குகள். முகத்துவாரம் மணல் மூடிப்போனால் படகு கடலுக்குப் போக வழியில்லை, ஏரிக்குள் மீன் வரவும் வழியில்லை. தூர்வாரச் சொல்லி மறியல் செய்வார்கள். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வேண்டாம் என்றும் கூடுவார்கள். சாலையில் உட்கார்ந்த அத்தனை பேர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறாது, முன்வரிசையில் இருந்த சிலர் பெயரும், அதன் பின்னால் ‘மற்றும் பலர்’ என்றும் இருக்கும். சார்ஜ் ஷீட் போடும்போது அந்தப் பலரில் சிலருக்குப் பெயர் முளைக்கும். பழைய வழக்கானால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 147, 188, 294(பி), 323, 341, 506 என்று அடுக்கியிருப்பார்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததென்றால் அதே குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதாவின் புது எண்களில் வரும்.

வழக்கு பல வருஷம் இழுக்கும். ஒருவர் வாய்தாவுக்கு வராவிட்டால் பிடிவாரண்ட். சாட்சி சொல்ல வேண்டிய காவலர் மாற்றலாகிப் போயிருப்பார். ஒரு கட்டத்தில் எல்லாரும் சலித்துப்போய், ‘அட்மிட் பண்ணிடலாம்’ என்ற முடிவுக்கு வருவார்கள்.

அட்மிட் ஆகும் காட்சியைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். பெஞ்ச் கிளார்க் நம்பரைச் சொல்கிறார். ஏ1 முதல் ஏ9 வரை வரிசையாக வந்து கைகட்டி நிற்கிறார்கள். குற்றச்சாட்டின் சாரம் வாசிக்கப்படுகிறது. “குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?” முதலில் நிற்பவர் தலையை ஆட்டுகிறார். அவரைப் பார்த்து அடுத்தவரும் ஆட்டுகிறார். “வாயைத் திறந்து சொல்லுங்க.” “ஒத்துக்கறேன் ஐயா.” ஒவ்வொருவராக அதையே சொல்கிறார்கள். அபராதம் இவ்வளவு, கட்டத் தவறினால் இத்தனை நாள் என்று அறிவிக்கப்படுகிறது. பணத்தைக் கட்டி ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பஸ் ஏறிவிடலாம்.

சட்டத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பது வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய நடைமுறைச் சட்டத்தின் 275-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 252. ஒப்புதலை முடிந்தவரை குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்த வார்த்தைகளிலேயே நடுவர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இது வெறும் சம்பிரதாயம் என்று யாரும் நினைக்கக் கூடாது. மகந்த் கௌசல்யா தாஸ் வழக்கு சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. ஒப்புதலை அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும் என்பது கட்டாய விதி, மீறினால் தண்டனையே செல்லாது என்று 1960-களிலேயே அங்கே தீர்ப்பானது. வக்கீலம்மா ஜூனியர்களுக்கு முதலில் படிக்கக் கொடுக்கும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. ஒன்பது பேரும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒரே வாக்கியத்தைச் சொன்னதாகப் பதிவில் இருந்தால், அந்தப் பதிவைச் சந்தேகப்பட வேண்டும் என்பார்.

அடுத்தது 416-ஆம் பிரிவு, பழையதில் 375. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலின் பேரில் தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு கிடையாது. நடுவர் மன்றத் தீர்ப்பானால், தண்டனை அதிகம், அல்லது அது சட்டப்படியானதல்ல என்ற அளவுக்கு மட்டும் மேலே போகலாம். ‘நான் குற்றமே செய்யவில்லை’ என்று சொல்லிக்கொண்டு அமர்வு நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை.

இதைவிட இறுக்கமான ஒரு கதவும் உண்டு. ‘பிளீ பார்கெயினிங்’ என்கிற குற்ற ஒப்புதல் பேரம். அரசுத் தரப்பும் குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவது. நம் நீதிமன்றங்கள் இதைச் சும்மா ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1976-ல் முரளிதர் மேக்ராஜ் லோயா வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தப் பேரத்தைக் கடுமையாகச் சாடினார். உணவுக் கலப்பட வழக்கு அது. இப்படிப்பட்ட வழக்கில் பேரம் பேசி முடித்தால் ஏமாறுவது பொதுமக்கள்தான் என்பது அவர் கவலை. 1980-ல் காசம்பாய் வழக்கில் நீதிபதி பி.என். பகவதி, பேரத்தால் பெறப்பட்ட ஒப்புதலின் பேரில் தண்டிப்பதே நியாயமற்ற நடைமுறை என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பினார்.

1983-ல் வந்த திப்பேசாமி வழக்கு குப்பத்துக்காரர்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருப்பது. வாகன விபத்து வழக்கில் ஒருவர், சிறிய தண்டனையோடு போய்விடும் என்று நம்பி ஒப்புக்கொண்டார். கீழ்க்கோர்ட் அபராதம் மட்டும் போட்டது. அரசு மேலே போனது. உயர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை கொடுத்துவிட்டது. ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுப் பிறகு தண்டனையைக் கூட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒப்புதலுக்கு விலை உண்டு என்றால் இரண்டு பக்கமும் அந்த விலைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இதற்கிடையில் வழக்குகள் மலையாகக் குவிந்தன. சட்ட ஆணையம் 1991-ல் 142-ஆவது அறிக்கையிலும், 1996-ல் 154-ஆவது அறிக்கையிலும் பேர முறையைப் பரிந்துரைத்தது. 2003-ல் மாலிமத் குழுவும் அதையே சொன்னது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் வந்து, 2006 ஜூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று அது பி.என்.எஸ்.எஸ். 289 முதல் 300 வரையிலான பிரிவுகள். ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது. குழந்தைக்கு எதிரான குற்றத்துக்கும், ஒரு பெண்ணுக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கும் கிடையாது.

இந்தக் கடைசி விலக்கு பழவேற்காட்டில் எப்படி வேலை செய்கிறது என்று தில்லியில் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். குப்பத்துத் தகராறில் பெண்கள் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். மீனை ஏலம் எடுப்பதும் விற்பதும் அவர்கள். கரையில் சண்டை வந்தால் முன்னால் நிற்பதும் அவர்கள். இருபது ஆண்கள் அடித்துக்கொண்ட வழக்கில் ஒரு பெண்ணின் கையில் சிராய்ப்பு என்று சார்ஜ் ஷீட்டில் ஒரு வரி இருந்தால், அந்த வழக்குக்குப் பேர அத்தியாயம் மூடிக்கொள்ளும். வனத்துறை வழக்கிலும் இப்படித்தான். கடல் ஆமை, கடல் அட்டை போன்றவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அந்தக் குற்றங்களை 2006-லேயே மத்திய அரசு அறிவிக்கை போட்டு இந்த முறையிலிருந்து விலக்கிவிட்டது.

சரி, வழக்கு உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குற்றச்சாட்டு வனைந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். கூடவே ஒரு பிரமாண வாக்குமூலம். நடுவர் அவரைத் தனியறையில், எதிர்த் தரப்பு இல்லாமல் விசாரித்து, மனதாரச் செய்கிறாரா என்று பார்க்க வேண்டும். பிறகு 60 நாளுக்குள் எல்லாரும் பேசி முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. முதல்முறைக் குற்றவாளியானால், குறைந்தபட்சத் தண்டனை விதித்துள்ள குற்றத்தில் அதில் நாலில் ஒரு பங்கு. மற்றவற்றில் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனையில் ஆறில் ஒரு பங்கு. நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கவும் வழி உண்டு. கடைசியில் 295-ஆம் பிரிவு வருகிறது: தீர்ப்பே முடிவு. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத்தில் 226, 227-இன் கீழ் ரிட் மனு, இவை தவிர எந்த மேல்முறையீடும் இல்லை. தண்டனை அதிகம் என்றுகூடப் போக முடியாது.

இந்த இடத்தில் வக்கீலம்மா விரல் வைத்துக் காட்டும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தப் பிரமாண வாக்குமூலத்தில் என்ன எழுத வேண்டும் என்று 290-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. சுயவிருப்பத்தில் வந்திருக்கிறேன், இந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை, எவ்வளவு என்று புரிந்துகொண்டேன், இதே குற்றத்துக்கு முன்பு தண்டிக்கப்பட்டதில்லை. அவ்வளவுதான். ‘இதன் பிறகு எனக்கு மேல்முறையீடு இல்லை என்று புரிந்துகொண்டேன்’ என்ற வரி அதில் இல்லை. சாதாரண ஒப்புதலை வாங்கும் 275-லும் இல்லை. உரிமையைப் பறிக்கும் பிரிவு ஒரு பக்கத்தில் இருக்கிறது. ஒப்புதலை வாங்கும் பிரிவு வேறு பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து அந்த மனிதனிடம் சொல்ல வேண்டிய கடமை யார் தலையிலும் வைக்கப்படவில்லை.

பேரத்தாலேயே நீதி நடக்கும் நாடு அமெரிக்கா. ஃபெடரல் வழக்குகளில் தண்டனை பெறுகிறவர்களில் 97 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டவர்கள் என்று 2012-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே எழுதியது. அங்கே மேல்முறையீட்டை விட்டுக்கொடுப்பது சட்டத்தால் தானாக நடப்பதில்லை. பேர ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதி வாங்குகிறார்கள். அதனால் அந்த ஷரத்தை எப்போது செல்லுபடியாக்குவது என்று அங்கே நீண்ட சர்ச்சை நடந்திருக்கிறது. ஃபெடரல் குற்றவியல் நடைமுறையின் 11-ஆவது விதியில் 1999-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். மேல்முறையீட்டைத் துறக்கும் ஷரத்து இருந்தால், நீதிபதியே திறந்த நீதிமன்றத்தில் அதைச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரிந்ததா என்று உறுதி செய்ய வேண்டும். 2001-ல் டீட்டர் வழக்கில் பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், தெரிந்தே விட்டுக்கொடுத்திருந்தால் ஷரத்து செல்லும், அதனால் அப்பட்டமான அநீதி விளையும் என்றால் செல்லாது என்று வரையறுத்தது. 2019-ல் கார்சா வழக்கு வந்தது. ஒப்பந்தத்தில் துறந்துவிட்டாரே என்று சொல்லி, கட்சிக்காரர் கேட்டும் வக்கீல் மேல்முறையீடு போடவில்லை. அது வக்கீலின் கடமை தவறியதே என்று தீர்ப்பானது.

அமெரிக்க முறையில் பல கோளாறுகள் உண்டு. சின்னக் குற்றத்துக்குப் பெரிய தண்டனையைக் காட்டி மிரட்டி ஒப்புக்கொள்ள வைப்பது அங்கே சர்வ சாதாரணம். ஆனாலும் எதை இழக்கிறாய் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். அந்த ஒரு பழக்கம் நமக்கு வேண்டும்.

எதை இழக்கிறோம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 188-ஆவது பிரிவின் கீழ் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும்; அமைதியாகக் கூடிப் போராடியதற்காக மட்டும் 143-ஆவது பிரிவைப் போட முடியாது. இந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ போராட்ட வழக்குகள் மாநிலம் முழுக்க ரத்தாகியிருக்கின்றன. அதே 143, 188 பிரிவுகளில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனவர் நிலை என்ன? ஆரம்பத்திலேயே நிற்காத வழக்கில் தண்டனை பெற்றவராகப் பதிவில் இருக்கிறார். மறியலில் உட்கார்ந்த மீனவருக்கு இந்தத் தீர்ப்பைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்?

தண்டனைப் பதிவு பின்னால் வந்து நிற்கும் இடங்களும் உண்டு. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ஊர்க்காவல் படையில் மீனவ இளைஞர்களை எடுக்கிறார்கள். போலீஸ் வேலைக்கும் பையன்கள் ஓடிப் பயிற்சி செய்கிறார்கள். போலீஸ் தேர்வில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை ஆனவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகக் கருதலாம் என்று 2008-ல் மணிகண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. விடுதலையானவருக்கே அந்த நிலை என்றால், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவருக்கு என்ன மிஞ்சும்?

இரண்டாவது வழக்கில் முதல் ஒப்புதல் எப்படி உயிர்பெறும் என்பதைத் தெற்கே ராமேஸ்வரம் மீனவர்கள் நன்றாக அறிவார்கள். இலங்கைக் கடற்படை பிடித்தால் அங்குள்ள கோர்ட்டில் ஒப்புக்கொள்வார்கள். ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு ஊருக்கு அனுப்புவார்கள். மறுபடி பிடிபட்டால் நிலைமை வேறு. 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்கும், முன்பே ஒருமுறை பிடிபட்டு வந்தவருக்கும் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதைக் கண்டித்து ராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருஷம் கச்சத்தீவுத் திருவிழாவுக்கே போகவில்லை.

வக்கீலம்மாவின் அனுபவத்தில் ஒரு வழக்கு இந்த விஷயம் முழுவதையும் திறந்து காட்டியது. வலை கட்டிய இடம் குறித்து இரண்டு குப்பங்களுக்கு இடையே அடிதடி. இரண்டு பக்கமும் வழக்கு. சில வருஷம் அலைந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நாளில் போய் ஒத்துக்கொள்வது, அபராதத்தை ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து கட்டுவது என்று முடிவானது.

“ஊர்ல பேசி முடிச்சிட்டோம்மா. நீங்க கூட வந்து நின்னா போதும்,” என்றார் பெரியவர் ஒருவர்.

“சமாதானம் பண்ணினது ரொம்ப நல்லது ஐயா. ஆனா கோர்ட்ல ஒத்துக்கறது ஊர் இல்ல. ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒத்துக்கணும். அதனால ஒவ்வொருத்தரையும் நான் தனியா கேட்கணும்,” என்றார் வக்கீலம்மா.

பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஊர் முடிவை ஒரு பெண் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதா என்ற முணுமுணுப்பும் எழுந்தது. ஆனாலும் கேட்டார். கடைசியில் வந்த இளைஞன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: “அன்னிக்கு நான் ஊர்லயே இல்லக்கா. மீஞ்சூர்ல வேலைக்குப் போயிருந்தேன். எங்க அண்ணன் இருந்தாரு, என் பேரையும் சேத்து எழுதிட்டாங்க. போலீஸ் செலக்‌ஷனுக்குப் படிச்சிக்கினு இருக்கேன். நான் மட்டும் மாட்டேன்னா ஊர்ல என்ன சொல்வாங்களோன்னு பயமா இருக்கு.”

அவன் ஒருவனுக்காக ஊர் ஒற்றுமை உடைய வேண்டாம்; ஊருக்காக அவன் வாழ்க்கையும் கெட வேண்டாம். வக்கீலம்மா எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து வேறு வழிகளை விளக்கினார். சாதாரணக் காயம், வழிமறிப்பு போன்ற குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். அப்படிச் சமரசமானால் சட்டப்படி அது விடுதலை. கலகம் செய்ததாகப் போட்டிருக்கும் பிரிவைக் கீழ்க்கோர்ட்டில் சமரசம் செய்ய முடியாது. ஆனால் 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரு தரப்பும் உண்மையாகச் சமாதானமாகிவிட்ட வழக்கை, கொடுங்குற்றமாக இல்லாத பட்சத்தில், உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். செலவு கூடும், நாளும் கூடும்; யார் மீதும் தண்டனைப் பதிவு இருக்காது. பொன்னேரியிலிருந்து ரயில் ஏறினால் உயர் நீதிமன்றம் தொலைவில்லை.

பெரியவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து சமரச மனுத் தாக்கல் செய்து, இரண்டு வழக்கும் ரத்தாகின. முதலில் முணுமுணுத்த பெரியவர் பிறகு கேட்டார்: “இத்தினி வருசமா எத்தினி கேஸ் ஒத்துக்கினு கட்டினோம். இத யாரும் மொதல்லயே சொல்லலியேம்மா?”

சொல்ல வேண்டியது நீதிமன்றம் என்பதற்கு உச்ச நீதிமன்றமே அடித்தளம் போட்டிருக்கிறது. 1978-ல் ஹோஸ்காட் வழக்கில், சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், மேல்முறையீடு செய்ய வக்கீல் உதவியும் கொடுக்க வேண்டும், ஒரு மேல்முறையீடாவது இருப்பதுதான் நியாயமான நடைமுறை என்று கிருஷ்ணய்யர் எழுதினார். 1986-ல் சுக் தாஸ் வழக்கில் பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். இலவச வக்கீல் கிடைக்கும் என்பது ஏழைக்குத் தெரியாது. கேட்டால்தான் கொடுப்பேன் என்று நீதிமன்றம் சொல்லக் கூடாது. இருக்கிறது என்று நடுவரே சொல்ல வேண்டும். சொல்லாமல் நடத்திய விசாரணையில் விதித்த தண்டனையை ரத்து செய்தார்கள். இலவச வக்கீல் உண்டு என்று சொல்வது நடுவரின் கடமை என்றால், மேல்முறையீட்டு உரிமை போகப்போகிறது என்று சொல்வதும் கடமையாகத்தான் இருக்க வேண்டும். அந்த அடியை இன்னும் யாரும் எடுத்து வைக்காதது பெரிய குறை.

முடிவான தீர்ப்பே கூடாது என்று வக்கீலம்மா சொல்ல மாட்டார். மீன் கூடை கட்டிய டூ வீலரில் போனவர் மீது லாரி மோதிக் கால் முறிந்த ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்றிருக்கிறார். பேர முறைப்படி உட்கார்ந்து பேசி, இழப்பீடு கைக்கு வந்து, ஓட்டுநருக்குக் குறைந்த தண்டனையும் ஆனது. அந்த மனிதரின் மனைவி கேட்ட ஒரே கேள்வி: “அவுங்க மேல்கோர்ட்டுக்குப் போனா நாங்க மறுபடி அலையணுமாம்மா?” வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. அந்த ஓட்டுநருக்கு ஒவ்வொரு வரியும் விளக்கப்பட்டிருந்தது; தனியறையில் நடுவர் கேட்டபோது தன் வாயாலேயே சொன்னார். அப்படி வாங்கிய ஒப்புதலை இறுக்கிப் பிடிக்க வேண்டியதுதான். விட்டால் பாதிக்கப்பட்டவர் மறுபடி தண்டனை அனுபவிப்பார்.

வருத்தம் என்னவென்றால், இவ்வளவு பாதுகாப்போடு எழுதிய அந்த அத்தியாயத்தை நாட்டில் அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் இந்த முறையில் முடியும் வழக்குகள் நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. தனியறை விசாரணை, வாக்குமூலம், இழப்பீடு, குறைந்த தண்டனை எதுவும் இல்லாத, கூண்டு முன்னால் ஒரு நிமிஷத்தில் முடிகிற ஒப்புதல்தான் தினசரி நடப்பு.

வக்கீலம்மா தன் அறையில் ஒரு தாள் வைத்திருக்கிறார். ஒப்புக்கொள்ள விரும்புகிறவர் கையெழுத்துப் போடுமுன் தமிழில் வாசித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவரே சத்தமாக வாசிக்க வேண்டும். என்ன குற்றம், அதிகபட்சம் எவ்வளவு தண்டனை, சமரசத்துக்கு வழி உண்டா, ரத்து செய்ய வழி உண்டா, நன்னடத்தைச் சட்டத்தில் விடக் கேட்கலாமா. அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. பலருக்கு இது தெரியாது. கடைசி வரி தடித்த எழுத்தில் இருக்கும்: ‘ஒத்துக்கொண்டால், குற்றம் செய்யவில்லை என்று மேல்கோர்ட்டுக்குப் போக முடியாது.’ அந்த வரியைக் கேட்டதும் முடிவை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. தெரிந்தே, சரி என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டுமே அவர்கள் முடிவு.

ஒரு வக்கீல் அறையில் இருக்கும் தாள் போதாது. சென்னை உயர் நீதிமன்றம் சுற்றறிக்கை மூலமாகவே இதைச் செய்யலாம்: ஒப்புதலைப் பதிவு செய்யும் முன் மேல்முறையீடு போய்விடும் என்று தமிழில் சொல்ல வேண்டும், சொன்னதையும் அவர் அளித்த பதிலையும் எழுத வேண்டும், வக்கீல் இல்லாதவர்களிடம் ஒப்புதல் வாங்கும் முன் சட்டப் பணிகள் குழு வக்கீலிடம் பேசவைக்க வேண்டும். நாடாளுமன்றம் 290-ஆம் பிரிவின் வாக்குமூலத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். இவை நடக்கும்வரை, சொல்லாமல் வாங்கிய ஒப்புதலைக் காட்டி ஒருவரின் மேல்முறையீட்டை நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்யாமல் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது சம்மன் வந்திருந்தால், ‘ஒத்துக்கறேன்’ என்று சொல்வதற்கு முன் ஒரு வாய்தா அவகாசம் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். சட்ட உதவிக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.